லோக்கல்சென்ட்: ஃபோன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஃபோட்டோ வீடியோ மாத்த நான் யூஸ் பண்றது இதைத்தான்

ஃபோன்ல இருக்கிற ஃபோட்டோ வீடியோவ எல்லாம் கம்ப்யூட்டருக்கு எப்படி மாத்துறதுன்னு யார் கேட்டாலும் நான் இப்ப சொல்றது ஒரே பதில்தான், லோக்கல்சென்ட் போடுங்க. ஃப்ரீ ஆப், விளம்பரம் கிடையாது, அக்கவுன்ட் ஓப்பன் பண்ணுங்கன்னு கேக்காது, ஃபோன் நம்பர் வேண்டாம், ஓடிபி வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன்னு எல்லாத்துக்கும் இருக்கு. ஓப்பன் சோர்ஸ், அதாவது ஆப் எழுதின கோடு மொத்தமும் கிட்ஹப்ங்கிற சைட்ல யார் வேணா பார்க்கலாம். கொஞ்ச நாளா வீட்ல எல்லாரோட ஃபோனுக்கும் இதைத்தான் போட்டு வச்சிருக்கேன், நல்லது கெட்டது ரெண்டும் பார்த்தாச்சு, அதான் விரிவா எழுதுறேன்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, உங்க ஃபோனும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபைல இருக்கணும், அவ்வளவுதான் கண்டிஷன். ஃபைல் ஃபோன்ல இருந்து கிளம்பி உங்க வீட்டு ரவுட்டர் வழியா நேரா கம்ப்யூட்டருக்கு போயிடும், நடுவுல எந்த கம்பெனி சர்வருக்கும் ஏறாது. இன்டர்நெட் கட் ஆகி கிடந்தாலும் ரவுட்டர்ல கரன்ட் இருந்தா போதும். போற வழியில என்கிரிப்ட் ஆகித்தான் போகுது, அதாவது நடுவுல வேற யாரும் படிக்க முடியாது. டேட்டா பேக் ஒரு எம்பி கூட குறையாது, இதை நிறைய பேர் நம்ப மாட்டேங்கிறாங்க, 10 ஜிபி அனுப்பினா 10 ஜிபி நெட் காலியாகும்னு நினைக்கிறாங்க. ஆகாதுங்க.

நம்ம ஊர்ல இதுக்கு முன்னாடி எல்லார் ஃபோன்லயும் ஃபைல் அனுப்புற ஆப்னா ஷேர்இட், ஸென்டர் ரெண்டுல ஒண்ணு இருந்துச்சு. 2020 ஜூன் மாசக் கடைசியில மத்திய அரசு 59 சைனா ஆப்பை தடை பண்ணின லிஸ்ட்ல அது ரெண்டும் இருந்துச்சு, ஈஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் அதுலயே போச்சு. அதுக்கப்புறம் மக்கள் என்ன பண்ணாங்கன்னா, எல்லாத்துக்கும் வாட்ஸ்அப். ஃபோட்டோவ தனக்குத்தானே அனுப்பிட்டு கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் ஓப்பன் பண்ணி டவுன்லோட் பண்ணிக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கிற விஷயம், அதனால இதை கொஞ்சம் சொல்லியே ஆகணும்.

ஒரு சாதாரண 12 மெகாபிக்ஸல் ஃபோட்டோ 4000க்கு 3000 பிக்ஸல் இருக்கும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அது நீள பக்கமே 1600 பிக்ஸல் அளவுக்கு சுருங்கிடும். ஃபோன் ஸ்க்ரீன்ல பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது, பளிச்னுதான் இருக்கும். அதையே பிரின்ட் போட போனா தெரியும். ஸ்டுடியோல நல்ல பிரின்ட்டுக்கு இன்ச்சுக்கு 300 பிக்ஸல் கணக்கு, அப்ப 1600 பிக்ஸல் வச்சு அஞ்சு இன்ச் சொச்சம் தான் ஒழுங்கா வரும், அதுக்கு மேல இழுத்தா முகமெல்லாம் மெழுகு மாதிரி வழவழன்னு ஆயிடும். எங்க பெரியப்பா தவறினப்போ மாலை போட்டு வைக்க ஒரு படம் பெரிசு பண்ணனும்னு தேடினோம். அவர் சிரிச்சிட்டு இருக்கிற ஒரே ஒரு நல்ல படம், ஒரு காதுகுத்துல எடுத்தது, குடும்ப குரூப்ல வந்தது மட்டும்தான் எல்லார்கிட்டயும் இருந்துச்சு. எடுத்த ஃபோன் எப்பவோ எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு. ஸ்டுடியோக்காரர் பாவம் என்னென்னமோ பண்ணி பார்த்தாரு, அந்த கண்ணு மட்டும் தெளிவாவே வரல. அந்த ஒரிஜினல் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்திருந்தா போதும். வாட்ஸ்அப்ல எச்டின்னு ஒரு பட்டன் இருக்கு, டாக்குமென்ட்டா அனுப்பினா 2 ஜிபி வரைக்கும் சுருக்காம அப்படியே போகும், அதெல்லாம் நிஜம்தான், ஆனா நூறு படத்துக்கு மேல போகும்போது யாரும் அப்படி பொறுமையா பண்றதில்ல. அதோட சாதாரணமா அனுப்பினா எடுத்த தேதி, எந்த கேமரா, எந்த இடம்ங்கிற விவரமும் படத்துல இருந்து காணாம போயிடும், பத்து வருஷம் கழிச்சு எந்த பொங்கலுக்கு எடுத்ததுன்னு தெரியவே தெரியாது.

லோக்கல்சென்ட்ல படம் எந்த சைஸோ அதே சைஸ்ல போகும். 4 எம்பி ஃபோட்டோ 4 எம்பியாவே கம்ப்யூட்டர்ல வந்து உக்காரும்.

இன்ஸ்டால் பண்றது ரொம்ப ஈஸி. ஃபோனுக்கு ப்ளே ஸ்டோர் இல்லன்னா ஆப் ஸ்டோர், கம்ப்யூட்டருக்கு லோக்கல்சென்ட் டாட் ஆர்க், அதுதான் அவங்களோட சொந்த சைட். கூகுள்ல தேடி வர்ற ஏதோ ஒரு டவுன்லோட் சைட்ல இருந்து எடுக்காதீங்க. விண்டோஸ்ல முதல் தடவை ஓப்பன் பண்ணும்போது ஃபயர்வால்ங்கிற பாதுகாப்பு வசதி ஒரு பெட்டி காட்டும், அதுல அலவ் குடுத்துடணும், கேன்சல் பண்ணிட்டா அப்புறம் ஃபோனுக்கு கம்ப்யூட்டர் கண்ணுலயே படாது.

ஓப்பன் பண்ணதும் ரிசீவ், சென்ட், செட்டிங்ஸ்னு மூணே மூணு பக்கம். ஒவ்வொரு டிவைஸுக்கும் அதுவா ஒரு பேர் வச்சுக்கும், ஒரு குணமும் ஒரு பழமும் சேர்ந்த மாதிரி, இந்த பழம் அந்த பழம்னு. வீட்ல நாலு ஃபோன் இருந்தா எது யாரோடதுன்னு குழப்பம் வரும், செட்டிங்ஸ்ல போய் அம்மா ஃபோன், ஹால் கம்ப்யூட்டர்னு பேர் மாத்தி வச்சிடுங்க. அனுப்பும்போது ஃபோன்ல சென்ட் போய் மீடியாவ தொட்டா கேலரி வரும், வேண்டியத செலக்ட் பண்ணா கீழ அதே வைஃபைல இருக்கிற டிவைஸ் எல்லாம் வரிசையா தெரியும், ஹால் கம்ப்யூட்டரை தொட்டா அங்க அக்செப்ட் கேக்கும், அமுக்கினா ஓட ஆரம்பிச்சிடும். எத்தனை ஃபைல் போச்சு, என்ன வேகம், இன்னும் எவ்வளவு நேரம்னு பார்த்துட்டே இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அக்செப்ட் அமுக்க சோம்பலா இருந்தா க்விக் சேவ்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதை ஃபேவரிட்ஸுக்கு மட்டும்னு வச்சுக்கோங்க, எல்லாருக்கும்னு திறந்து விட்டா அந்த வைஃபைல இருக்கிற யார் என்ன அனுப்பினாலும் கேக்காம உள்ள வந்து சேர்ந்துடும்.

நான் செலக்ட் பண்ற வழியை விட ஃபோல்டர் வழியைத்தான் சொல்வேன். ஆண்ட்ராய்டுல கேமரால எடுக்கிற எல்லாமே டிசிஐஎம்ங்கிற ஃபோல்டருக்குள்ள கேமராங்கிற ஃபோல்டர்ல தான் விழும். சென்ட்ல மீடியாக்கு பதிலா ஃபோல்டர் எடுத்து அந்த கேமரா ஃபோல்டரை காட்டினா ஃபோட்டோ, வீடியோ எல்லாம் ஒட்டுமொத்தமா போயிடும், ஒண்ணு விட்டுப்போச்சோன்னு சந்தேகமே வேண்டாம். வாட்ஸ்அப்ல வந்த படமெல்லாம் வேணும்னா அது வேற இடம், ஆண்ட்ராய்டு 11க்கு அப்புறம் ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப்னு ரெண்டு மூணு அடுக்கு உள்ள போகணும். கம்ப்யூட்டர் பக்கம் வர்றதெல்லாம் டவுன்லோட்ஸ்ல தான் விழும், அதுக்குன்னு ஒரு ஃபோல்டர் போட்டு செட்டிங்ஸ்ல மாத்தி விட்டுடுங்க, இல்லன்னா ஆதார் பிடிஎஃப், கரன்ட் பில் ரசீது கூட கல்யாண ஃபோட்டோ கலந்து கிடக்கும்.

இப்ப வேகம். இதுலதான் பாதி பேர் ஆப்பை திட்றாங்க, ஆனா காரணம் ஆப் இல்ல, ரவுட்டர். ஃபைபர் கனெக்‌ஷன் குடுக்கும்போது மாட்டிட்டு போற ரவுட்டர் நிறைய வீட்ல 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கிற மெதுவான வைஃபை அலைவரிசை மட்டும் இருக்கிறது, அதுல செகண்டுக்கு 5 எம்பி வந்தாலே நல்ல வேகம். அப்படின்னா 10 ஜிபி போக அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அதே இது 5 கிகாஹெர்ட்ஸ்ங்கிற வேகமான அலைவரிசைல ஃபோனும் லேப்டாப்பும் ரெண்டும் இருந்து, ரவுட்டரும் அதே ரூம்ல இருந்தா 30 எம்பி கூட தொடும், அதே 10 ஜிபி ஆறு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். உங்க நெட் ப்ளான் 50 எம்பிபிஎஸ்ஸா 300ஆங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இதுக்காக ப்ளான் ஏத்தாதீங்க. இன்னொரு விஷயம், ஃபோன் வைஃபைல, லேப்டாப்பும் வைஃபைலன்னா ஒரே காத்துல டேட்டா ரெண்டு தடவை போகணும், ஃபோன்ல இருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தடவை. கம்ப்யூட்டரை மட்டும் லேன் கேபிள்ல ரவுட்டரோட சொருகிட்டா அந்த ரெண்டாவது நடை மிச்சம், நான் அப்படித்தான் வச்சிருக்கேன், வித்தியாசம் கண்கூடா தெரியும்.

அனுப்பும்போது ஃபோன் ஸ்க்ரீன் ஆஃப் ஆகாம பார்த்துக்கோங்க. ஐஃபோன்ல வேற ஆப்புக்கு மாறிட்டாலே பின்னாடி ஓடுறதை சிஸ்டம் நிறுத்தி வச்சிடும், சில ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் பேட்டரி சேமிக்கிறேன்னு இதே கதைதான். பெரிய வீடியோ பாதில நின்னா விட்ட இடத்துல இருந்து தொடராது, அந்த ஃபைல் முதல்ல இருந்துதான் போகணும். எனக்கு இந்த ஆப்ல இருக்கிற ஒரே பெரிய குறை இதுதான். ஒரு மணி நேர ஃபங்ஷன் வீடியோ ஒரே ஃபைலா இருந்தா இதை நம்பி விடாதீங்க, கேபிள் எடுங்க.

டிவைஸ் தெரியவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்களுக்கு: முதல்ல ஃபோன்ல விபிஎன், அதாவது நெட்டை வேற சர்வர் வழியா சுத்தி விடுற ஆப், ஓடுதான்னு பாருங்க, ஓடினா நிறுத்துங்க. ஐஃபோன்ல லோக்கல் நெட்வொர்க் பர்மிஷன் கேக்கும்போது அலவ் குடுத்தீங்களான்னு பாருங்க. அப்புறம் விண்டோஸ்ல வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் போய் நெட்வொர்க் பப்ளிக்னு இருந்தா ப்ரைவேட்னு மாத்துங்க, விண்டோஸ் 11ல புது வைஃபை எல்லாத்தையும் அதுவா பப்ளிக்னு தான் வச்சுக்கும், பாதி பேருக்கு இதுலயே சரியாயிடும். இதெல்லாம் பண்ணியும் வரலன்னா ரவுட்டரே ஒரு டிவைஸ் இன்னொரு டிவைஸை பார்க்க விடாம தடுக்குதுன்னு அர்த்தம். ஹாஸ்டல், லாட்ஜ், ஆபீஸ் கெஸ்ட் வைஃபைல பெரும்பாலும் பாதுகாப்புக்காக அப்படித்தான் வச்சிருப்பாங்க, அது தப்பும் இல்ல.

அந்த மாதிரி இடத்துலயும், வைஃபையே இல்லாத ஊர் வீட்லயும் என்ன பண்ணலாம்னா ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதுல கனெக்ட் பண்ணிக்கோங்க. ஆனா ஆண்ட்ராய்டு ஃபோன்னா மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு ஹாட்ஸ்பாட் மட்டும் போடுங்க. இது ரொம்ப முக்கியம், ஃபோட்டோ போறதுக்கு நெட் செலவாகாது, ஆனா லேப்டாப்புக்கு நெட் கிடைச்ச உடனே அது பாட்டுக்கு விண்டோஸ் அப்டேட் இறக்க ஆரம்பிச்சு அன்னிக்கு இருக்கிற டேட்டாவ மொத்தமா சாப்ட்டுடும்.

எதுவும் இன்ஸ்டால் பண்ண முடியாத கம்ப்யூட்டர்னா, இப்ப ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை, பிரவுசிங் சென்டர் மாதிரி இடம், அதுக்கும் வழி இருக்கு. சென்ட்ல ஷேர் வயா லிங்க்னு எடுத்தா பெரும்பாலும் 192.168ல ஆரம்பிச்சு 53317ல முடியிற ஒரு அட்ரஸ் காட்டும், அதை அந்த கம்ப்யூட்டர் பிரவுசர்ல டைப் பண்ணா ஃபோன்ல பர்மிஷன் கேக்கும், ஓகே குடுத்தா அங்க இருந்தே டவுன்லோட் பண்ணிக்கலாம். கடைக்காரர் கம்ப்யூட்டர்ல உங்க வாட்ஸ்அப்பையோ ஜிமெயிலையோ லாகின் பண்ற வேலையே இல்ல. இந்த ஒரு வசதிக்காகவே ஃபோன்ல இந்த ஆப் இருக்கணும்னு சொல்வேன், எத்தனை பேர் அப்படி லாகின் பண்ணிட்டு லாக்அவுட் பண்ணாம வந்துடுறாங்க. அந்த கம்ப்யூட்டர் மட்டும் உங்க ஹாட்ஸ்பாட்லயோ கடை வைஃபைலயோ உங்களோட ஒரே நெட்வொர்க்ல இருக்கணும்.

கேபிள் வேண்டவே வேண்டாமான்னு கேட்டா, வேணும். 64 ஜிபி, 128 ஜிபின்னு வருஷக்கணக்குல சேர்ந்ததை முதல் தடவை இறக்கும்போது கேபிள்தான் சரி. ஆண்ட்ராய்டுல கேபிள் சொருகினா பல ஃபோன்ல சார்ஜ் மட்டும்தான் ஏறும், மேல இருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து ஃபைல் டிரான்ஸ்ஃபர்னு மாத்தணும், அப்பதான் கம்ப்யூட்டர்ல ஃபோன் தெரியும். அந்த ஆப்ஷனே வரலன்னா கேபிளை மாத்துங்க, சார்ஜுக்கு மட்டும்னு உள்ள டேட்டா கம்பி இல்லாம விக்கிற கேபிள் நிறைய இருக்கு, பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும், வாங்கும்போதே டேட்டா போகுமான்னு கேட்டு வாங்குங்க. டைப் சி ஓட்டை இருந்தா பயங்கர வேகம்னும் நினைக்காதீங்க, நிறைய ஃபோன்ல உள்ள இருக்கிறது பழைய யூஎஸ்பி 2 தான், ஐஃபோன் 15, 15 ப்ளஸ்ல கூட யூஎஸ்பி 2 வேகம்தான், ப்ரோ மாடல்லதான் யூஎஸ்பி 3, அதுக்கும் பாக்ஸ்ல வர்ற கேபிள் பத்தாது, வேற வாங்கணும். யூஎஸ்பி 2ல நிஜத்துல செகண்டுக்கு 30, 40 எம்பி வரும், அதாவது நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோட கிட்டத்தட்ட சமம். ஆனா நடுவுல விட்டு விட்டு வராது, அதான் கேபிளோட பலம். ஆயிரக்கணக்குல படம் இருந்தா ஒரே மூச்சுல இழுக்காம மாசம் மாசமா பிரிச்சு காப்பி பண்ணுங்க, ஆண்ட்ராய்டு கேபிள்ல பேசுற எம்டிபி முறை ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும், ஓடிட்டு இருக்கும்போது இன்னொரு ஃபோல்டரை ஓப்பன் பண்ணா அப்படியே திகைச்சு நிக்கும்.

ஐஃபோனை விண்டோஸ்ல கேபிள் போட்டு இழுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். பாதில டிவைஸ் வேலை செய்யலன்னு எரர் வந்து நின்னுடுதுன்னா ஃபோன் செட்டிங்ஸ்ல (ஐஓஎஸ் 18ல இருந்து அதுக்குள்ள ஆப்ஸ்ல) ஃபோட்டோஸ் போய் கடைசில டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசின்னு இருக்கும், அது ஆட்டோமேட்டிக்ல இருந்தா கீப் ஒரிஜினல்ஸ்னு மாத்துங்க. ஆட்டோமேட்டிக்ல ஒவ்வொரு படத்தையும் போற வழியிலயே ஜேபெக்ங்கிற சாதாரண ஃபார்மேட்டா மாத்தி குடுக்க பார்க்கும், அதுலதான் திணறுது. மாத்தினதும் படம் ஹெச்இஐசிங்கிற ஃபார்மேட்ல வரும், 2017ல ஐஓஎஸ் 11ல இருந்து ஐஃபோன் அப்படித்தான் எடுக்குது, விண்டோஸ்ல பார்க்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன் ஃப்ரீயா கிடைக்கும், அதோட ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷனும் தேவைப்படலாம். வீடியோ சத்தம் மட்டும் வந்து படம் வரலன்னா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, விஎல்சி ப்ளேயர் போட்டு பாருங்க, ஓடும்.

இதே மாதிரி ஃபைல் அனுப்புற கூகுளோட க்விக் ஷேரும் விண்டோஸ்க்கு இருக்கு, நியர்பை ஷேர்னு இருந்ததுதான் 2024 ஜனவரில பேர் மாறுச்சு. ஆண்ட்ராய்டு ஃபோன், விண்டோஸ் லேப்டாப், இது ரெண்டு மட்டும்தான்னா அதுவும் நல்லாவே இருக்கு. எங்க வீட்ல தங்கச்சி ஐஃபோன், அப்பா பழைய ஆண்ட்ராய்டு, ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர்னு கலந்து கட்டி இருக்கிறதால எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கிற லோக்கல்சென்ட்தான் செட் ஆச்சு. அப்பாவுக்கு ஒரு தடவை காட்டிக் குடுத்தேன், இப்ப அவரே கோயில் கும்பாபிஷேக வீடியோவெல்லாம் ஹால் கம்ப்யூட்டருக்கு ஏத்திட்டு வந்து பாருப்பாங்கிறாரு. ஆப்பிளோட சொந்த ஃபைல் அனுப்புற வசதியான ஏர்ட்ராப் இருக்கிறவங்க, அதாவது ஐஃபோனும் மேக்கும் வச்சிருக்கிறவங்களுக்கு இது தேவையே இல்ல. கூகுள் ஃபோட்டோஸ் வேற விஷயம், 2021 ஜூன் 1ல இருந்து அன்லிமிடெட் ஃப்ரீ கிடையாது, 15 ஜிபிக்குள்ள மெயிலு டிரைவு எல்லாம் சேர்த்து அடங்கணும், 4கே வீடியோ நிமிஷத்துக்கு 170 எம்பி, 400 எம்பின்னு போற காலத்துல அது எந்த மூலைக்கு.

மாத்தி முடிச்சதும் ஃபோன்ல இருந்து டெலிட் பண்ண அவசரப்படாதீங்க. கம்ப்யூட்டர்ல அந்த ஃபோல்டரை ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல எத்தனை ஃபைல்னு பாருங்க, ஃபோன் ஃபோல்டர்ல இருக்கிற எண்ணிக்கையோட ஒத்து வருதான்னு பாருங்க, பெரிய வீடியோ ரெண்டை ஓப்பன் பண்ணி கடைசி நிமிஷத்துக்கு இழுத்து ஓட்டி பாருங்க. அப்புறம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு காப்பி. பென்டிரைவ்ல வைக்கிறதா இருந்தா அது ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மேட்ல இருக்கான்னு பார்த்துக்கோங்க, அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டா ஃபார்மேட் பண்ணணும். கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் ஆன்ல இருக்கிற ஃபோன்னா அந்த ஆப்ல டெலிட் பண்ணா க்ளவுட்ல இருக்கிறதும் சேர்ந்து போயிடும், ஃபோன்ல மட்டும் இடம் காலி பண்ணணும்னா அதுலயே ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு தனியா இருக்கு, அதை யூஸ் பண்ணுங்க. ஐஃபோன்ல டெலிட் பண்ணது ரீசன்ட்லி டெலிட்டட்ல 30 நாள் வரைக்கும் இருக்கும், ஏதாவது விட்டுப்போச்சுன்னா அதுக்குள்ள எடுத்துடுங்க.